தெரிந்தும் ஏன் விட முடியவில்லை: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 6

"கெடுதல்னு தெரிஞ்சும் ஏன் சிகரெட் பிடிக்கிறாங்க?" என்று கேட்பவர்கள் எல்லோரும், தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித்தான் கேட்கிறார்கள். என் அண்ணனைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். அவன் வேலை சி.டி. ஸ்கேன் எடுப்பது. நுரையீரலில் கட்டி எப்படித் தெரியும், எம்ஃபிசிமா என்ற, காற்றுப் பைகள் சிதையும் நோய் வந்த நுரையீரல் ஓட்டை ஓட்டையாக எப்படிக் கறுத்திருக்கும் என்பதெல்லாம் டாக்டர் சொல்வதற்கு முன்பே அவன் கண்ணில் பட்டுவிடும். ஸ்கேன் முடிந்து நோயாளியை அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, கட்டடத்தின் பின்பக்கம் போய் ஒரு தம் அடிப்பான்.

புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தி சொல்ல வீட்டில் ஆட்கள் நிறைய. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: அவனுக்குள் என்னதான் நடக்கிறது? படிப்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கப் போகிறேன்.

ஜனவரி 9

முதலில் வேகம். இழுத்த புகை நுரையீரலுக்குப் போகிறது, அங்கிருந்து ரத்தம் நேராக இதயத்துக்கு வந்து மூளைக்கு ஏறுகிறது. புகையிலையில் உள்ள நிகோடின் என்ற பொருள் 10 முதல் 20 நொடிக்குள் மூளையில் இருக்கும். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக நரம்பு செல்களில் இருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருள் சுரக்கிறது. 'இது நல்ல காரியம், திரும்பவும் செய்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு, ஒரு நாளைக்கு இருபது சிகரெட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 73,000 தடவை இந்தப் பாடம் நடக்கிறது. வேறெந்தப் பாடத்தை நாம் இத்தனை முறை படித்திருக்கிறோம்?

அப்புறம் இன்னொன்று. தொடர்ந்து நிகோடின் வந்துகொண்டிருந்தால் அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையே கூடிவிடுகிறது. ரத்தத்தில் நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால் பெரும்பகுதி போயிருக்கும், ஏற்பிகள் எல்லாம் காலியாகக் காத்திருக்கும். அதனால்தான் காலையில் முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு அவசரம். ஒருவர் எவ்வளவு தூரம் அடிமையாகியிருக்கிறார் என்று அளக்க ஃபாகர்ஸ்ட்ரோம் என்ற சோதனை இருக்கிறது. 'ஒரு நாளைக்கு எத்தனை?' என்ற கேள்வி அதிலும் உண்டு. ஆனால் அதே அளவு கனமான இன்னொரு கேள்வி, 'எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?' என்பது. ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அதிகபட்ச மதிப்பெண். அண்ணன் படுக்கையிலிருந்து எழும்போதே கை லைட்டரைத் தேடும்.

ஜனவரி 13

"டென்ஷன் குறையுது" என்பான் அண்ணன். அதை எல்லோரும் சாக்கு என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே குறைகிறது. கை நடுக்கம் நிற்பது, முகம் தளர்வது, பேச்சு நிதானமாவது எல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்கே தெரியும்.

ஆனால் அந்த டென்ஷன் எங்கிருந்து வந்தது? கடைசி சிகரெட்டின் நிகோடின் இறங்க இறங்க எரிச்சல், கவனக்குறைவு, நிலைகொள்ளாமை என்று ஒவ்வொன்றாக வரும். அடுத்த சிகரெட் அதைத் தணிக்கும். தணித்ததுதான் அவன் நினைவில் நிற்கிறது, கிளப்பிவிட்டதும் அதே சிகரெட் என்பது நிற்பதில்லை. சிகரெட் தானே கடன் சுமத்தி, தவணையை மட்டும் தள்ளிப்போட்டு, அதற்கு நன்றியும் வாங்கிக்கொள்கிறது. வேலையில் நிஜமாகவே நெருக்கடி இருக்கும் நாளில் இரண்டும் கலந்துவிடும். எது வேலை தந்த பதற்றம், எது நிகோடின் இல்லாத பதற்றம் என்று உள்ளே இருப்பவனால் பிரித்துப் பார்க்க முடியாது.

விட்டவர்களுக்கு மனம் என்னவாகிறது என்று 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிட்டால் விட்டவர்களுக்குப் பதற்றம், மனச்சோர்வு, மன அழுத்தம் மூன்றும் குறைந்திருந்தன. இதை அண்ணனிடம் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். புற்றுநோய் பற்றி எதைச் சொன்னாலும் அவனுக்குப் பழைய செய்தி. இதை மட்டும் அவனிடம் யாருமே சொன்னதில்லை.

ஜனவரி 14

மன உறுதி இல்லாதவன் என்று அவனைச் சொல்பவர்கள், இரவு முழுக்க விபத்துக் கேஸ்களுக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு விடிந்ததும் அடுத்த ஷிஃப்ட் ஆளுக்காக இன்னும் இரண்டு மணி நேரம் அவன் சேர்த்து நிற்பதைப் பார்த்ததில்லை.

ஜனவரி 20

இன்று டால், ஹில் இருவரின் ஆய்வைப் படித்தேன். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் காட்டிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள். அடுத்த ஆண்டு மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் கணக்குச் சொன்னார் டால்: தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டால் அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைக்கும், 50இல் 6, 40இல் 9, 30இல் ஏறக்குறைய பத்தும்.

அந்த மருத்துவர்களில் ஏராளமானவர்கள் விட்டார்கள். டாலும் விட்டார். ஆக, தெரிந்துகொள்வதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். விட வேண்டும் என்ற ஆசையை அறிவுதான் கொடுக்கிறது. அண்ணனுக்கும் அந்த ஆசை எப்போதோ வந்துவிட்டது.

ஆனால் கையில் இருக்கும் அந்த ஒரு சிகரெட்டின் முன்னால் அறிவு மிகவும் பலவீனம். அதன் பலன் பத்து நொடியில் வரும், கேடு வர இருபது முப்பது ஆண்டு ஆகும். இந்த ஒரு சிகரெட்டால் மட்டும் அவன் சாகப் போவதில்லை என்பதும் உண்மைதான். அடுத்ததற்கும் அதே நியாயம் பொருந்தும். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் தோன்றும், மொத்தத்தில்தான் ஆளைக் கொல்லும்.

இதோடு, 'மற்றவர்களுக்கு வரும், நமக்கு வராது' என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. அது புகைப்பவர்களிடம் மட்டும் இருப்பதும் இல்லை. வேகமாக வண்டி ஓட்டும் எல்லோரிடமும் இருக்கிறது.

ஜனவரி 27

சிக்மண்ட் ஃபிராய்டு ஒரு மருத்துவர். மனித மனம் தன்னையே எப்படி ஏமாற்றுகிறது என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர். 1890களிலேயே இதயக் கோளாறு வந்து நண்பர் சுருட்டை விடச் சொன்னார், முயன்றார், முடியவில்லை. 1923இல் வாயில் புற்றுநோய். அதன்பின் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். மேல்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வாய்க்குள் பொருத்திய செயற்கைத் தாடையோடு, வலியோடு, 1939இல் இறக்கும்வரை பதினாறு ஆண்டு வாழ்ந்தார். சுருட்டை மட்டும் விட முடியவில்லை.

அவரைவிடவா நம் வீட்டு ஆட்களிடம் எதிர்பார்ப்பது?

பிப்ரவரி 2

இன்று எனக்குக் கோபம். 1963இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற அமெரிக்க சிகரெட் நிறுவனத்தின் சட்ட அதிகாரி ஓர் உள்குறிப்பில், நிகோடின் அடிமையாக்கும் பொருள், அதை விற்பதுதான் நம் தொழில் என்று எழுதியிருக்கிறார். அதற்கு 31 ஆண்டுகள் கழித்து, 1994இல், ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமையாக்காது என்று நம்புவதாகச் சொன்னார்கள். 'லைட்' சிகரெட் என்று விற்றவற்றில் வடிகட்டியைச் சுற்றி நுண்ணிய துளைகள் இருந்தன. சோதனை எந்திரம் அதை இழுத்தபோது தார் என்ற நச்சுப் பிசுக்கு குறைவாகக் காட்டியது. மனிதர்கள் விரலாலும் உதட்டாலும் துளையை மூடி, இன்னும் ஆழமாக இழுத்து, வேண்டிய நிகோடினை எடுத்துக்கொண்டார்கள். விட நினைத்தவர்கள் பலர் அதற்குப் பதிலாக 'லைட்'டுக்கு மாறினார்கள்.

அமெரிக்காவில் தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். அண்ணன் தொடங்கியதும் பள்ளி நாட்களில்தான். 'தெரிந்தும் ஏன்?' என்று இன்று கேட்கிறோமே, அன்று தொடங்கிய அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? அவன் எடுத்த முடிவுக்கு நாற்பது வயது ஆள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 8

சிகரெட் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போடுவதை 2001இல் கனடா முதலில் தொடங்கியது. நல்ல காரியம். புதிதாகத் தொடங்குகிறவர்களைத் தயங்க வைக்கிறது, பலரை விடவும் முயல வைக்கிறது. அண்ணன் படம் தெரியாதபடி பாக்கெட்டைக் கவிழ்த்து வைப்பான். அலட்சியம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பயம் இருப்பவன்தான் கவிழ்த்து வைப்பான். பயமுறுத்திவிட்டு வெளியே வர வழி காட்டவில்லை என்றால் மனிதன் கண்ணைத்தான் மூடிக்கொள்வான்.

பிப்ரவரி 15

அண்ணன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். எந்த உதவியும் இல்லாமல் தானாகவே விட முயல்பவர்களில், ஆறு மாதம் ஓராண்டு கழித்தும் தொடாமல் இருப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. வேரனிக்லின் மாத்திரை அதே ஏற்பிகளில் உட்கார்ந்து தவிப்பைக் கொஞ்சம் தணிக்கும், இடையில் ஒரு இழுப்பு இழுத்தாலும் பழைய சுகத்தைத் தராது. நிகோடின் பட்டை வேறு வழி: அதே நிகோடினை, புகை இல்லாமல், தோல் வழியாக மெதுவாகக் கொடுக்கும். அவனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

2007இல் வந்த ஓர் ஆய்வையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பக்கவாதத்தில் மூளையின் இன்சுலா என்ற பகுதி பழுதான சிலர், எந்தப் போராட்டமும் இல்லாமல் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள். புகைக்க வேண்டும் என்ற உந்துதலையே உடம்பு மறந்துவிட்டது என்று ஒருவர் சொன்னாராம். அண்ணன் இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னான். "அப்போ இது என் குணத்துல இல்ல" என்றான்.

23ஆம் தேதி என்று நாள் குறித்திருக்கிறான். முதல் மூன்று நாள்தான் மிக மோசமாக இருக்கும், அப்புறம் சில வாரங்களில் படிப்படியாகத் தணியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என்னிடம் அவன் கேட்டது இதுதான்: "தினமும் போன் பண்ணி இன்னிக்கு அடிச்சியான்னு கேக்காதே. நான் கூப்பிட்டா எடு, போதும்." சரி என்றேன். நைட் ஷிஃப்டில் எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

பிரேக்கில் கூட நின்று பிடிக்கும் நண்பரிடமும் சொல்லிவிட்டானாம். "நீ முதல்ல ஆரம்பி, நானும் வரேன்" என்றிருக்கிறார் அவர். டாக்டரின் நம்பரை அவருக்கும் அனுப்பிவிடச் சொன்னேன்.