குலுக்கினால் சத்தம் வரும் போன்: பிரித்துப் பார்த்த ஐந்து இரவுகள்

இந்த போன் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டேன். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ 'டிக் டிக்' என்று ஆடும். ஸ்க்ரூ கழன்று கிடக்கிறதோ என்றுதான் முதலில் பயந்தேன். ஆனால் கேமராவைத் திறந்துவைத்துக் குலுக்கினால் சத்தம் நின்றுவிடும், மூடினால் மறுபடி டிக் டிக். காரணம் தெரியாமலே நாலு வருஷம் ஓட்டினேன். போன மாதம் கீழே விழுந்ததில் டச் போய்விட்டது. திரை எரிகிறது, விரலுக்கு மட்டும் மசியவில்லை. மென்பொருள் அப்டேட் நின்று வெகுநாளான மாடல் என்பதால் புது டிஸ்ப்ளே மாற்ற மனம் வரவில்லை. சரி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றாவது பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அதுவரை போன் என்றால் அசையும் பாகமே இல்லாத பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். சுழலும் டிஸ்க் கிடையாது, ஃபேன் கிடையாது. நோட்டில் ஒரு பக்கத்துக்கு 'அசைவன' என்று தலைப்பு எழுதி, வைப்ரேட்டர், ஸ்பீக்கர் என்று இரண்டை மட்டும் போட்டுவைத்தேன்.

முதல் இரவு

திறப்பதற்கு முன்பே மூன்று நாள் சார்ஜ் போடாமல் கிடக்கவிட்டு, 10 சதவீதத்துக்கு இறக்கினேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. லித்தியம் அயனி பேட்டரியில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு மூர்க்கமாக எரியும் என்பது உள்ளே எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பின்பக்கக் கண்ணாடி முழுக்கப் பசையில்தான் நிற்கிறது. ஹேர் டிரையரில் விளிம்பைச் சூடாக்கி, ரப்பர் உறிஞ்சியால் இழுத்து, கிடைத்த முடியளவு இடைவெளியில் பசையை இளக்க ஒரு சொட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு, கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை நுழைத்தேன். சூடு, ஆல்கஹால், வில்லை என்று மாறி மாறி நாற்பது நிமிடம் போயிற்று. அவசரப்பட்டு நெம்பியிருந்தால் கண்ணாடி தூளாகியிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குக் கீழே ஒரு கருப்பு பிளாஸ்டிக் மூடி. அதைப் பிடித்திருந்தவை 16 ஸ்க்ரூக்கள். ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே செல்லோ டேப்பால் ஒட்டிவைத்தேன். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நீளம் மாறும். குட்டையானது இருந்த குழியில் நீளமானதை முடுக்கினால் அது சர்க்யூட் போர்டுக்குள் இறங்கி, உள் அடுக்குகளில் ஓடும் செப்புத் தடத்தை அறுத்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, போன் மட்டும் எழுந்திருக்காது.

மூடியைத் தூக்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்துவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் இரவு: சத்தம் அகப்பட்டது

மெயின் கேமராவை ட்வீசரால் மெல்லத் தட்டினேன். டிக். நாலு வருஷமாகக் கேட்ட அதே சத்தம்.

லென்ஸ் உருளை எதிலும் இறுக்கமாகப் பூட்டப்படவில்லை. மெல்லிய ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் கம்பிச் சுருளும் காந்தமும். கரண்ட் இல்லாதபோது அது தன் கூட்டின் சுவரில் இடித்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் காந்த விசை அதைப் பிடித்து நடுவில் நிறுத்திவிடும். கேமரா திறந்திருக்கும்போது சத்தம் நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பவர் பட்டனை இருமுறை அழுத்தினால் கேமரா திறக்கும்படி முன்பே வைத்திருந்ததால் டச் தேவைப்படவில்லை. பேட்டரி கனெக்டரை மறுபடி மாட்டி, போனை ஆன் செய்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு பட்டனை இருமுறை அழுத்தினேன். லென்ஸ் சட்டென்று துள்ளி நடுவுக்கு வந்து நின்றது. போனை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். உருளையைச் சுற்றியுள்ள கருப்பு இடைவெளி ஒரு பக்கம் அகன்றது, எதிர்ப்பக்கம் ஒடுங்கியது. வலப்பக்கம் சாய்த்தால் நேர்மாறு. என் கை நடுக்கத்துக்கு எதிராக அது நகர்ந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பேட்டரி 4 சதவீதத்துக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தேன்.

கை நடுங்குகிறது என்று லென்ஸுக்கு எப்படித் தெரிகிறது? போர்டில் இருக்கும் கைரோஸ்கோப் சொல்கிறது. அதன் பொட்டலமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். உள்ளே சிலிக்கானில் செதுக்கிய ஒரு சின்ன எடை, நொடிக்குப் பல ஆயிரம் முறை முன்னும் பின்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. போன் திரும்பினால் அந்த எடை பக்கவாட்டில் தள்ளப்படும். பிரெஞ்சு விஞ்ஞானி கொரியோலிஸ் 1835இல் எழுதிய அதே விசை, புயல்களைச் சுழலவைக்கும் விசை, இங்கே ஒரு மணல் துகளளவு எடையைத் தள்ளுகிறது. சீப்புப் பற்கள்போல எதிரெதிரே நிற்கும் சிலிக்கான் விரல்களுக்கு இடையே உள்ள தூரம் மாறும், அதனால் மின்தேக்குத் திறன் மாறும், அதை அளந்தால் எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்று தெரியும். அசையும் ஒன்று நடுக்கத்தை அளக்கிறது, அசையும் இன்னொன்று அதைச் சரிக்கட்டுகிறது. நோட்டில் இரண்டு வரி கூடியது. பக்கத்திலேயே இருக்கும், வேக மாற்றத்தை அளக்கும் ஆக்சிலரோமீட்டரும் இதே சீப்பு வேலைப்பாடுதான், ஆக மூன்று.

மூன்றாம் இரவு: பேட்டரி

இந்த இரவு பிடிக்கவில்லை. 4000 மில்லி ஆம்பியர் மணி, 3.85 வோல்ட், அதாவது 15.4 வாட் மணி. போனின் உள்ளிடத்தில் ஏறக்குறைய பாதியை இதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் நீண்டு கழன்றுவரும் பசைப் பட்டை சில போன்களில் உண்டு. இதில் அது இல்லை, அடிப்பாகம் முழுக்க அப்பியிருந்தார்கள். ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, பிளாஸ்டிக் கார்டைச் சாய்த்து நுழைத்தேன். உலோகத்தைக் கிட்டே கொண்டுபோகவில்லை, பேட்டரியை வளைக்கவும் இல்லை. உள்ளே செப்புத் தகடும் அலுமினியத் தகடும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால்தான் பிரிந்திருக்கின்றன. அது கிழிந்தால் தீ.

பேட்டரி பத்திரமாக வந்துவிட்டது. ஆனால் அதற்கு அடியில் டிஸ்ப்ளேயைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய ஸ்ட்ரிப் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. கார்டின் முனை அதைக் குறுக்கே கிழித்துவிட்டது. மறுபடி மாட்டிப் பார்த்தேன், திரை வரவில்லை. முந்தைய நாள் அந்த லென்ஸைப் பார்க்காமல் விட்டிருந்தால் இனிப் பார்த்திருக்கவே முடியாது என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. எதையும் நெம்பும் முன் அடியில் என்ன ஓடுகிறது என்று அந்த மாடலின் படத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி என்பது தேய்ந்தே தீரவேண்டிய பாகம். அதை இப்படி ஒட்டிவைப்பது தவறு என்றே சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி விதிமுறை, சில விலக்குகளோடு, பயன்படுத்துபவரே கழற்றிவிடும்படி இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கேட்கிறது. நல்ல காரியம்.

நான்காம் இரவு: வைப்ரேட்டர், ரிங்கர், மைக்

வைப்ரேட்டர் நான் நினைத்தது போல இல்லை. பழைய போன்களில் ஒரு குட்டி மோட்டாரின் அச்சில் ஒருபக்கம் கனமான எடை இருக்கும், அது சுற்றும்போது போன் உதறும். இதில் சுற்றுவதே கிடையாது. செவ்வகமான உலோகப் பெட்டியின் மூடியை பிளேடால் கிளப்பினால், காந்தத்தோடு சேர்ந்த ஒரு கனத்த கட்டி இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பிடித்தபடி நடுவில் நிற்கிறது. விரலால் தள்ளிவிட்டால் ஊஞ்சல்போல இடமும் வலமும் போய்வந்து அடங்குகிறது. கம்பிச் சுருளில் திசை மாறும் கரண்ட் பாய்ந்தால் இது தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடும். சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கக்கூடியது என்பதால்தான் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் விரலில் ஒரு சின்னத் தட்டல் தர முடிகிறது. திருப்புளியைக் கிட்டே கொண்டுபோனதும் கட்டி எகிறி வந்து ஒட்டிக்கொண்டது. நியோடைமியம் காந்தம், பிரித்தெடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

ரிங்கரை, அதாவது கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கரை, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து மூடியிருந்தார்கள். பெட்டியை அறுத்தேன். மேஜையெல்லாம் மணல்போல வெள்ளை உருண்டைகள் கொட்டின. உடைத்துவிட்டேனோ என்று ஒரு நொடி திகைத்தேன். வேண்டுமென்றே போட்டவைதான் அவை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பொருள். ஸ்பீக்கரின் சவ்வு பின்னால் வரும்போது பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் கூடும், காற்று மூலக்கூறுகள் இந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். சவ்வு முன்னால் போனால் விட்டுவிடும். இதனால் சின்னப் பெட்டி, தன் அளவைவிடப் பெரிய பெட்டிபோல நடந்துகொள்கிறது, தாழ்ந்த ஸ்வரங்கள் கொஞ்சம் நன்றாகக் கேட்கின்றன. இத்தனை சின்ன இடத்திலிருந்து அந்த ஒலியை வரவழைக்க யாரோ எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அந்தப் பொடியைக் கூட்டித் தள்ள மனம் வரவில்லை. ஒரு குப்பியில் போட்டுவைத்திருக்கிறேன்.

மைக் மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் அடியில் ஊசித்துளை உள்ள ஓர் உலோகப் பெட்டி. ஒன்றின் மூடியைக் கழற்றி யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சிலிக்கான் சதுரத்தின் நடுவில் வட்டமான ஒரு சவ்வு, அதன்மேல் சல்லடைபோல ஓட்டைகள் உள்ள ஒரு தகடு. சவ்வு அசைந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறும், அதுதான் நம் குரல். சிம் ட்ரேயைத் திறக்கும் ஊசியைத் தப்பிப்போய் மைக் துளையில் குத்தினால் என்ன ஆகும் என்று அந்தச் சவ்வைப் பார்த்ததும் புரிந்தது.

ஐந்தாம் இரவு: போர்டு

போர்டைப் பார்க்கும்போது எல்லாம் அசையாமல் இருக்கும், 'அசைவன' பக்கத்தில் எழுத எதுவும் கிடைக்காது என்று நினைத்தேன். சிப்புகளை மூடியிருக்கும் ஷீல்டு மூடிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பினேன். போனின் மூளையான பெரிய ஐசியின் (சிப்பின்) மேலே ரேம், அதன்மேல் வெப்பத்தைப் பரப்பும் பசை. பக்கத்தில் ஸ்டோரேஜ், கொஞ்சம் தள்ளி பவர் ஐசியும் அதைச் சுற்றிக் காயில்களும். சுற்றிலும் தூவியதுபோல மின்தேக்கிகள், சிலது 0.4க்கு 0.2 மில்லிமீட்டர். மூச்சு விட்டாலே பறந்துவிடும் அளவு. இவற்றைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் ரேடியோ பகுதிக்குப் போகிறேன்.

ஆன்டெனா தொடர்புகளை ஒட்டி, பவர் ஆம்ப்ளிஃபையர்களைச் சுற்றி, மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னச் சதுரங்கள். அவை ஃபில்டர்கள். எந்த அலைவரிசை வேண்டுமோ அதை மட்டும் உள்ளே விடுபவை. அவை வேலை செய்யும் விதத்தைப் படித்ததும் ஐந்து இரவில் அதிகமாக அசந்துபோனது அங்கேதான்.

அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அவை நெளியும் என்பதும் உண்மை. இந்த ஃபில்டருக்குள் வரும் ரேடியோ சிக்னல், படிகத்தை நெளியவைத்து ஒலி அலையாக மாறுகிறது. படிகத்தின் மேற்பரப்பிலேயே கொஞ்ச தூரம் ஓடி, மறுமுனையில் மறுபடி மின்சாரமாகிறது. ஏன் இந்தச் சுற்று வழி? 2 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் காற்றில் 15 சென்டிமீட்டர். அதைச் சல்லடை போடும் அமைப்பை அலையின் நீளத்துக்கு ஏற்பச் செய்தால் போனைவிடப் பெரிதாகிவிடும். ஆனால் படிகத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 4000 மீட்டர்தான். அதே 2 ஜிகாஹெர்ட்ஸ் அங்கே 2 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே சல்லடையும் சுருங்குகிறது. நான் பேசிய ஒவ்வொரு அழைப்பும் வழியில் எங்கோ ஒரு படிகத்தின் நடுக்கமாக இருந்து கடந்திருக்கிறது.

அருகிலேயே போர்டின் தாளத்துக்கு ஆதாரமான குவார்ட்ஸ் படிகம். குவால்காம் நிறுவனத்தின் சிப் உள்ள போன்களில் 38.4 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பார்க்கலாம், நொடிக்கு 3 கோடியே 84 லட்சம் அதிர்வு. அதையும் நோட்டில் எழுதினேன். கீழே வரை நிரம்பிய பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

பேட்டரியின் முனைகளுக்கு டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். வீட்டுக் குப்பையில் அதைப் போடவே கூடாது. கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது மேஜை விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, எழுதும்போது கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன். டிக் டிக்.