சபைக்குப் போகமுதல் கிணற்றை எட்டிப் பாருங்கள்

வன்னியில் சாப்பாட்டுக்கடை போட நினைப்பவர்கள் முதலில் ஓடுவது பிரதேச சபைக்குத்தான். படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவர் வருவார். கிணற்றை எட்டிப் பார்ப்பார், குசினித் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பார், இரண்டு மாதத்துக்கு வேலை சொல்லிவிட்டுப் போய்விடுவார். இந்தப் பாதையில் நடந்து முடித்த நாங்கள் சொல்வது இதுதான்: கடதாசி அலுவலுக்குச் சில நாள் போதும், தண்ணீர் அலுவலுக்குத்தான் மாதக்கணக்கு. அதனால் தண்ணீரில் இருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் யாரிடம் போவது என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வியாபார உரிமம் தருவது பிரதேச சபை. கடையைப் பார்த்து அறிக்கை தருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருப்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். மூன்றும் மூன்று கதவு. செயலக எல்லையும் சபை எல்லையும் ஒன்றென்று நினைத்து அலைபவர்கள் நிறையப் பேர். கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 4, சபைகள் 3. கண்டாவளைக்காரர் கரைச்சிப் பிரதேச சபைக்குத்தான் போக வேண்டும். முல்லைத்தீவில் செயலகங்கள் 6, சபைகள் 4. ஒட்டுசுட்டானுக்குத் தனிச் சபை கிடையாது.

இனிக் கிணறு. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடியாவது இருக்க வேண்டும். 60 அடி இருந்தால் கேள்வியே வராது. இந்த இடைவெளி இல்லாத வளவில் எந்தப் பூச்சும் உதவாது. ஒன்றில் குழியை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டும். வாடகைக்கு எடுக்க முதல் அளவுநாடாவோடு போங்கள். அயல் வளவுக் குழியும் கணக்கில் வரும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கிணற்றுக் கட்டு நிலத்தில் இருந்து இரண்டரை, மூன்று அடி உயரமாக, வெடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். சுற்றிவர மூன்றடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம், வெளிப்பக்கம் சரிவாக. கட்டடியில் மாடு கட்டுகிற வழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

குளோரின் போடுவதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 10 அடி விட்டமான கிணற்றில் ஓரடித் தண்ணீர் ஏறக்குறைய 2,200 லீற்றர். எட்டடித் தண்ணீர் நின்றால் 17,600 லீற்றர். புதிய குளோரின் தூளில் வேலை செய்யும் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான். லீற்றருக்கு 5 மில்லிகிராம் வர வேண்டுமென்றால் 1,000 லீற்றருக்கு 15 கிராம் தூள். இந்தக் கிணற்றுக்கு 265 கிராம். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றி, வாளியைப் பலமுறை இறக்கி ஏற்றிக் கலக்க வேண்டும். மாலையில் போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் குழாய்களிலும் மணம் வரும்வரை திறந்துவிடுங்கள். பழைய கடையில் வாங்கிய, பை திறந்து கிடந்த தூள் என்றால் இந்தக் கணக்கு பிழைக்கும். காற்றும் வெக்கையும் பட்டால் அதன் வலு போய்விடும், மணம் மட்டும் மிஞ்சும்.

பலர் செய்யும் பிழை, குளோரின் போட்ட மறுநாளே மாதிரி எடுக்கச் சொல்வது. அறிக்கை நன்றாகத்தான் வரும். ஆனால் அது குளோரினுக்குக் கிடைத்த அறிக்கை, கிணற்றுக்குக் கிடைத்ததல்ல. அசுத்தம் எங்கிருந்தோ கசிந்துகொண்டிருந்தால் அடுத்த முறை பிடிபடும், அப்போது கடை திறந்திருக்கும். மணம் முழுதும் அடங்கி, சில நாள் வழமைபோல இறைத்த பிறகு எடுங்கள். போத்தலைச் சுகாதாரப் பகுதியிடமே வாங்க வேண்டும், சோடாப் போத்தல் கழுவிக் கொண்டுபோகக் கூடாது. எடுத்ததை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குச் சேர்ப்பியுங்கள்.

அறிக்கை வந்தால் பார்க்க வேண்டிய வரிகள் சிலதான். குடிநீருக்கான இலங்கைத் தர நிர்ணயம் 614இன்படி 100 மில்லிலீற்றரில் மலக் கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேலும், மொத்தக் கடினத்தன்மை 250 மில்லிகிராமுக்கு மேலும் போகக் கூடாது. வன்னிக் கிணறுகள் பல பின்னிரண்டிலும் இடறும். கேத்திலில் வெள்ளைப் படிவு ஏறுகிற வளவென்றால் சோதிக்க முதலே விளங்கிக்கொள்ளலாம். புளோரைட்டைக் குளோரின் எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். புளோரைட்டையும் உப்புகளையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடிகட்டி பூட்டுவது, அல்லது குடிக்கவும் சமைக்கவும் வெளியில் இருந்து நல்ல நீர் எடுப்பது, இரண்டில் ஒன்று. ஆர்.ஓ. பூட்டினால் அது கழித்துவிடும் தண்ணீருக்கும் போக்கிடம் வேண்டும் என்பதைக் கழிவுநீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளாந்தம் மேல்தொட்டிக்கு 1,000 லீற்றருக்கு 3 கிராம் தூள், தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அரைமணி நேரம் விட்டே பாவிக்க வேண்டும். குழாயில் மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2க்கும் 0.5 மில்லிகிராமுக்கும் இடையில் நின்றால் போதும். அதற்கு மேல் போனால் தேத்தண்ணி குடிக்கிறவர் முகத்தைச் சுளிப்பார்.

கழிவுநீர்தான் இரண்டாவது தலையிடி. கொத்துரொட்டிக் கல் கழுவிய தண்ணீரை நேரே உறிஞ்சுகுழிக்கு விட்டால் சில மாதத்தில் குழிச் சுவரில் கொழுப்பு பூசி அடைத்துவிடும். குழிக்கு முன்னால் எண்ணெய் பிடிக்கும் தொட்டி ஒன்று கட்டாயம். அளவுக்கு ஒரு கணக்கு: கழுவும் குழாய் நிமிடத்துக்கு 6 லீற்றர் விட்டால், தண்ணீர் அரைமணி தரித்துப் போக 180 லீற்றர்த் தொட்டி வேண்டும். இரண்டு அறையாகப் பிரியுங்கள். வெளியேறும் பைப்பின் வாய் அடிப்பக்கம் குனிந்திருக்க வேண்டும். மேலே வைத்தால் மிதக்கிற எண்ணெயே முதலில் வெளியே போகும். இந்தப் பிழையை மேசன்மார் வழக்கமாக விடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கொதிதண்ணீரை ஊற்றி அடைப்பெடுக்கிற பழக்கமும் கெடுதல். உருகிய கொழுப்பு தொட்டியைத் தாண்டிப்போய்க் குழியில் உறையும். கிழமைக்கு ஒருமுறை அகப்பையால் மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிச் சாம்பலோடு புதைத்தால் சரி.

உறிஞ்சுகுழி வெட்ட முதல், அதே இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். இதைக் கோடையில் செய்து ஏமாறாதீர்கள். ஆவணியில் எந்த நிலமும் தண்ணீரைக் குடிக்கும். குளத்துக் கீழ்ப் பக்கம், வயலோரம் இருக்கும் வளவுகளில் கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலேறி வரும், குழி வயிறு நிறைந்து வாந்தியெடுக்கும்.

கட்டடத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை: தண்ணீர் தேங்காத சரிவான சீமெந்து நிலம், கழுவக்கூடிய வெளிர்நிறச் சுவர், யன்னலுக்கு நுளம்புவலை, மூடியுள்ள குப்பைவாளி, கைகழுவும் இடத்தில் சவர்க்காரம், மலசலகூடக் கதவு குசினிக்குள் திறக்காமை. விறகடுப்பு என்றால் புகைபோக்கியைக் கூரை முகட்டுக்கு மேல் கொண்டுபோங்கள்; அயலவர் முறைப்பாடு ஒன்று போனால் உரிமம் அதோடு நிற்கும். குப்பைவாளி மூடிக்குக் கொழுக்கி போடுவது குரங்குக்காக. வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடதாசியில் சிக்குவது காணி. உறுதிப்பத்திரம் உள்ள காணி என்றால் பிரச்சினை குறைவு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த எல்.டி.ஓ. பெர்மிற் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. உரிமையாளரோடு வாய்ப்பேச்சில் முற்பணம் கொடுத்துவிட்டு வந்தால் அங்கேதான் முட்டும். 2009 யுத்தத்தில் பெர்மிற் தொலைந்த குடும்பம் என்றால் முதலில் செயலகக் காணிப் பிரிவில் பதிவின் பிரதியை எடுக்கச் சொல்லுங்கள். பெயர்ப் பதிவு, வாடகை ஒப்பந்தம், உரிம விண்ணப்பம் மூன்றிலும் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தலைப்பெழுத்து ஒன்று மாறினாலும் திருப்பி விடுவார்கள்.

உணவு கையாளுகிற எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். முதலாளி தேத்தண்ணி ஆற்றினால் அவருக்கும்தான். நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி மூன்று வருடத்துக்கு ஒருமுறை. சான்றிதழ் ஆளுக்கு உரியது, கடைக்கு உரியதல்ல. கொத்து மாஸ்ரர்மார் கடை விட்டுக் கடை மாறுகிறவர்கள், புதியவர் வந்த அன்றே அவருடைய பிரதியைக் கேட்டு வாங்கிக் கோவையில் போடுங்கள்.

பரிசோதகர் வரும் நாளில் எச் 800 படிவத்தில் புள்ளியிட்டு ஏ, பி, சி, டி என்று தரம் போடுவார். முதலில் பிறிஜ் கதவைத் திறப்பார்: பச்சை இறைச்சி மேல்தட்டிலும் சமைத்தது கீழ்த்தட்டிலும் இருந்தால் அதற்கு விளக்கம் சொல்லித் தப்ப முடியாது. வடையும் ரோல்ஸும் கண்ணாடிப் பெட்டிக்குள், எடுக்க இடுக்கி. பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுக்கக் கூடாது. சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்ரெம்பர் 1 முதல் தடை. வாழையிலை நல்லது. தாமரை இலை எங்கள் பக்கம் மலிவுதான், ஆனால் குளத்தில் இருந்து வருவது, குளோரின் போட்ட தண்ணீரில் இருபக்கமும் கழுவ வேண்டும். ஆனையிறவுப் பக்கம் மூட்டையில் வாங்கிய அயடின் சேராத உப்பைக் குசினியில் வைத்திருக்காதீர்கள். மனித உணவுக்கு அயடின் உப்புத்தான் என்பது ஒழுங்குவிதி.

கட்டணம் எல்லாவற்றிலும் சிறியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இடத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்து நிர்ணயித்த உச்சத் தொகை 1,000 ரூபா. எண்ணெய்த் தொட்டி கட்டிய செலவோடு பார்த்தால் அது தேத்தண்ணிக் காசு.

உரிமம் எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31உடன் முடியும். ஒக்ரோபரில் எடுத்தவர் மூன்று மாதத்தில் திரும்பவும் கட்ட வேண்டும், ஆகவே அந்த நேரம் வந்தால் சபையில் பேசி ஜனவரிக்கே விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள். புதுப்பிக்கும் காலம் மாரியில் வருகிறது, கிணறு தளும்பும், குழியும் தளும்பும். தண்ணீர் மாதிரியை அந்த மாரியில்தான் எடுக்க வேண்டும். கோடையில் எடுத்த நல்ல அறிக்கையைக் காட்டி உரிமம் வாங்கிவிடலாம்; மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கடைக்கு வருபவர் குடிப்பது அந்தத் தண்ணீரை அல்ல.