ஒளிநாடாவின் முதல் முப்பது விநாடிகள்

2004ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், இலண்டன் சோஹோவில் இருந்த ஒரு சிறிய ஒளிநாடாப் படியெடுப்பு நிலையத்தில் நான் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு ஆண்டுகள் ரன்னராக, மழையிலும் குளிரிலும் ஒளிநாடாப் பைகளைச் சுமந்து வார்டர் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தவனை, அதன்பின் மெஷின் ரூமுக்குள் அனுமதித்திருந்தார்கள். டிஜிபீட்டா என்ற தொழில்முறை ஒளிநாடாவிலிருந்து வேறு வடிவங்களுக்குப் படியெடுப்பதும், படியெடுத்ததை முதலிலிருந்து கடைசி வரை பார்த்து, படம் சிதறுகிற இடங்களின் டைம்கோட்டை, அதாவது நாடாவின் நேரக் குறியீட்டைக் குறித்து வைப்பதும் என் வேலை. பிறருடைய படைப்புகளை இவ்வளவு கவனமாகவும், அதே வேளை அவற்றைப் பற்றி எதுவும் அறியாமலும் பார்க்கிற வேலை வேறெதுவும் இருக்க முடியாது என்று அந்நாட்களில் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அப்படியொரு இரவில், பகல் வேலை முடித்துச் சென்ற ஆங்கிலேய நண்பர் ஒருவர், நான் பார்க்கவேண்டும் என்று ஒரு டிவிடியை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வார்ப் ரெக்கார்ட்ஸ் என்ற சுயாதீன இசை நிறுவனம் தன் பதினைந்து ஆண்டுகளின் இசைக் காணொளிகளைத் திரட்டி அந்த ஆண்டு வெளியிட்ட 'வார்ப்விஷன்' தொகுப்பு அது. 1989 முதல் 2004 வரையிலான, முப்பதுக்கும் மேற்பட்ட காணொளிகள் அதில் இருந்தன. விடியும் வரை ஓடவேண்டிய நீண்டதொரு படியெடுப்பை இயக்கிவிட்டு, பக்கத்து மொனிட்டரில் அதை ஓடவிட்டேன்.

வார்ப் நிறுவனத்தின் தொடக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த வட்டின் பெறுமதி இன்னும் நன்றாகப் புரியும். இரும்புத் தொழில் நொடிந்துபோயிருந்த ஷெஃபீல்ட் நகரில், இசைத்தட்டுக் கடை நடத்திய ஸ்டீவ் பெக்கெட், ராப் மிச்செல் என்ற இருவரும் ராபர்ட் கோர்டன் என்ற ஒலிப்பதிவாளரும் சேர்ந்து 1989இல் அதைத் தொடங்கினார்கள். வேலையற்றோர் சிறுதொழில் தொடங்க அரசு அப்போது கொடுத்துவந்த உதவிப்பணத்தின் துணையோடுதான் முதல் இசைத்தட்டின் 500 பிரதிகள் அச்சாயின. அந்த இசைத்தட்டை உருவாக்கிய குழு, ஊரின் இரும்பு வார்ப்பாலை ஒன்றின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டே, எல்எஃப்ஓ என்ற இரு இளைஞர்களின் இசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தைப் பிடித்தது.

பாடகர் இல்லாத, பெரும்பாலும் சொற்களே இல்லாத இசை அது. மற்ற இசைக் காணொளிகளில் பாடுகிறவரின் முகமும் வாயசைவும் நேரத்தை நிரப்பிவிடும். இங்கே இயக்குநருக்கு அந்தக் கைப்பிடி கிடையாது. மூன்று நான்கு நிமிட நேரத்துக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தனியாகவே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. தொகுப்பின் பழைய காணொளிகளுள் ஒன்றான 'டெஸ்ட்டோன்', ஸ்வீட் எக்ஸார்சிஸ்ட் என்ற ஷெஃபீல்ட் இருவரின் இசைக்கு 1990இல் எடுக்கப்பட்டது. அதை இயக்கியவர் ஜார்விஸ் காக்கர். பல்ப் குழுவின் பாடகராக நாடெங்கும் அறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன், திரைப்படம் பயின்றுகொண்டிருந்த மாணவர் அவர். கையிலிருந்த சிறிய பணத்தில் எடுத்த படம் என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிகிறது. ஆனால் இசையின் ஒவ்வொரு சிற்றொலிக்கும் ஏதோவொன்றைத் திரையில் கண்டுபிடித்துத் தருகிற ஆர்வம் அதில் குறையவே இல்லை.

இயக்குநர் கிறிஸ் கன்னிங்ஹாமின் காணொளிகளே இத்தொகுப்பின் பெயரைப் பலருக்கும் கொண்டு சேர்த்தன. இலண்டனின் தென்கிழக்கில் தேம்ஸ்மீட் என்ற கொங்கிரீட் குடியிருப்பில் அவர் 1997இல் எடுத்த 'கம் டு டாடி'யில், சிறுவர் உடல்களில் இசைஞர் ரிச்சர்ட் டி. ஜேம்ஸின் முகம் சிரித்துக்கொண்டு ஓடும். 1999இன் 'விண்டோலிக்கர்' பத்து நிமிடம் நீள்வது. அதன் முதல் சில நிமிடங்கள் பேச்சாலேயே நிரம்பியவை. இவ்விரண்டின் தொழில்திறனை நான் மதிக்கிறேன். எனினும் இரண்டாவதைத் திரும்பப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. அதன் பேச்சின் கொச்சை, படத்தின் மற்ற அழகுகளை மறைத்துவிடுகிறது.

அந்த இரவில் என் கையைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஆட்டெக்கர் குழுவின் இசைக்கு அலெக்ஸ் ரட்டர்ஃபோர்ட் 2002இல் செய்த 'கான்ட்ஸ் கிராஃப்' காணொளியில் மனிதர் எவரும் இல்லை, இடமும் இல்லை. வெளிர்நிறப் பின்னணியில் ஓர் இயந்திரப் பிண்டம் மிதக்கிறது. ஒலி வெடிக்கும்போது அது வெடிக்கிறது. ஒலி மடியும்போது மடிகிறது. இருபது வகை ஓசைகள் ஒன்றாய் விழும்போது அதன் இருபது உறுப்புகளும் வெவ்வேறு திசையில் துடிக்கின்றன. இசையைக் கணினிக்குள் செலுத்தினால் தானாகவே இப்படி அசையும் என்றுதான் பார்க்கிற எவரும் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்தேன். அப்படியல்ல, ஒவ்வொரு ஓசையையும் பிரித்துக் கேட்டு, அதற்குரிய அசைவைக் கையாலேயே ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்தியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தபோது, மறுபடியும் மெஷின் ரூமுக்குப் போய், அந்த வட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

எங்கள் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 ஃபிரேம்; ஒரு ஃபிரேம் என்பது 40 மில்லிவிநாடி. ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு 6,000 ஃபிரேம். ஒரு ஓசை ஒரு ஃபிரேம் பிந்தினாலே கண்ணுக்கு ஏதோ தளர்ந்ததுபோல் தோன்றும். அதைக் கண்டுபிடிப்பதே எங்கள் தொழில் என்பதால் எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் நிறுத்திப் பார்த்த எந்த இடத்திலும் அந்தத் தளர்ச்சி இல்லை. இதில் இன்னொன்றையும் சொல்லவேண்டும். டிவிடியின் சுருக்க முறை, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமல் விட்டுவிடுவதன் மூலமே இடத்தைச் சேமிக்கிறது. எல்லாமே ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறினால் சேமிக்க அதற்கு எதுவும் இல்லாமல் போகிறது. விநாடிக்கு 9.8 மெகாபிட் என்பது டிவிடி படத்துக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவு. அந்த எல்லைக்குள் இந்தக் காணொளியைச் சுருக்கிய, நான் அறியாத அந்தச் சக தொழிலாளியை எண்ணி அன்று வியந்தேன்.

ஆயினும் அந்த வட்டிலிருந்து நான் கற்றுக்கொண்ட முக்கியமான விடயம் படத்தில் இல்லை, பெயர்களில் இருந்தது. ஒவ்வொரு காணொளிக்கும் இசைஞரின் பெயருக்குப் பக்கத்தில் அதை இயக்கியவரின் பெயரும் கொடுக்கப்பட்டிருந்தது. இன்று இது இயல்பாகத் தோன்றலாம். இசைக் காணொளிகளுக்கென்றே 1981இல் தொடங்கிய எம்டிவி, இயக்குநர் பெயரைத் திரையில் போடத் தொடங்கியது 1992இன் இறுதியில்தான். அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் அந்தப் பெயர்கள் பார்வையாளருக்கு எட்டவே இல்லை. 2003இல் வெளிவந்த 'டைரக்டர்ஸ் லேபிள்' வரிசை, ஸ்பைக் ஜோன்ஸ், கன்னிங்ஹாம், மிஷேல் கோண்ட்ரி ஆகியோரின் பெயர்களை அட்டையிலேயே போட்டு ஆளுக்கொரு வட்டாக வந்தது. அது ஏற்கெனவே புகழ்பெற்றவர்களுக்குக் கிடைத்த மரியாதை. வார்ப் தொகுப்பிலோ, உலகம் அறிந்த கன்னிங்ஹாமின் பெயரும், ஒன்றிரண்டு காணொளிகளோடு காணாமல்போன ஒருவரின் பெயரும் ஒரே அளவு எழுத்தில் நின்றன. ஒரு சிறு நிறுவனம் தன் பதினைந்து ஆண்டுக் கணக்கை நேர்மையாகத் தீர்த்ததாகவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என்னுடைய ஒரு தவறே காரணம். ஒளிநாடாக்களின் தொடக்கத்தில் வண்ணப் பட்டைகள் வரும். அதன்பின் முப்பது விநாடி அளவுக்கு ஒரு கடிகாரம் வரும். நிகழ்ச்சியின் பெயர், இயக்குநர் அல்லது தயாரிப்பாளர் பெயர், நீளம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும்; முள் சுற்றி வந்து, மூன்று விநாடி இருக்கும்போது திரை கறுப்பாகும்; பிறகு படம் தொடங்கும். எங்கள் நிலையத்தின் நடைமுறைப்படி, கணினிக் கோப்பாக மாற்றும்போது படத்தின் முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை மட்டும் எடுத்து, மற்றதை வெட்டிவிட வேண்டும். வாடிக்கையாளர் திரும்பக் கேட்காத பழைய பீட்டா நாடாக்கள், காந்தத்தால் அழிக்கும் பெட்டிக்குள் போய், வெறும் நாடாக்களாக மறுபடி அலுமாரிக்கு வரும்.

வார்ப் தொகுப்பைப் பார்ப்பதற்கு ஓராண்டு முன், சிறிய இசைக்குழு ஒன்றின் காணொளியை நான் அப்படி மாற்றினேன். யாரோ மாணவர்கள் எடுத்தது. கடலோரத்தில் ஒரு பெண் நாற்காலியைச் சுமந்து நடக்கிற காட்சி மட்டும் நினைவிருக்கிறது. நாடாவின் உறையில் பச்சை மையில் கையால் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. கடிகாரத்தை வெட்டினேன், சீட்டைக் கிழித்தேன், நாடாவை அழிக்கும் பெட்டிக்குள் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். அந்தக் காணொளிக்குக் கமரா இயக்கியவர் அவர். வேலைக்கு விண்ணப்பிக்கத் தன் பெயர் தாங்கிய பிரதி ஒன்று தேவைப்பட்டது. கோப்பு எங்களிடம் இருந்தது. படம் குறையின்றி இருந்தது. அவருடைய பெயர் மட்டும் எங்குமே இல்லை. "பச்சை மை நினைவிருக்கிறது" என்று நான் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அது என் கையெழுத்து" என்றார். விதிப்படி செய்தேன் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருபது ஆண்டுகள் கடந்து அண்மையில் அந்த வட்டைத் தேடி எடுத்து வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடவிட்டேன். டிவிடியின் ஒரு ஃபிரேமில் 720க்கு 576 புள்ளிகள். இன்றைய 4கே திரையில் அதைப்போல் இருபது மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக இழுத்துப் பரப்பியபோது, அன்று கூர்மையாகத் தெரிந்த விளிம்புகள் பஞ்சுபோல் ஆகியிருந்தன. 'கான்ட்ஸ் கிராஃப்' மட்டும் தன் வேகத்தால் அந்த மங்கலை மறைத்துக்கொண்டது. எல்எஃப்ஓவின் 1990ஆம் ஆண்டுக் காணொளியையும் 2003ஆம் ஆண்டின் 'ஃப்ரீக்'கையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முன்னதில் இருவர் சேர்ந்து செய்த இசை, பின்னதில் மார்க் பெல் ஒருவருடையது மட்டுமே. அவரும் 2014இல் காலமாகிவிட்டார். நிறுவனர்களுள் ஒருவரான ராப் மிச்செல், இத்தொகுப்பு வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2001இல் இறந்துபோனார். தொகுப்பு வந்த மறு ஆண்டில் யூடியூப் தொடங்கியது. அதன்பின் இப்படியொரு வட்டை வெளியிட வேண்டிய தேவையே குறைந்துபோயிற்று. அங்கே இந்தக் காணொளிகளில் பலவற்றைத் தேடினேன். யார் யாரோ ஏற்றிவைத்த பிரதிகள் கிடைத்தன. பலவற்றில் இசைஞரின் பெயரோடு விடயம் முடிந்துவிடுகிறது.

சோஹோ நிலையம் மூடப்பட்ட பின், நான் சிறிய அளவில் சொந்தமாகவே படியெடுப்பு வேலை செய்கிறேன். இப்போது என்னிடம் வருபவை பெரும்பாலும் எங்கள் ஆட்களின் விஎச்எஸ் நாடாக்கள்: கலியாணவீடுகள், அரங்கேற்றங்கள், ஊர்ச் சங்க விழாக்கள். நாடாவை இயந்திரத்தில் போடுமுன் உறையையும் சீட்டையும் படமெடுத்து, கோப்போடு சேர்த்து வைக்கிறேன். தொடக்கத்தில் என்ன இருந்தாலும் வெட்டுவதில்லை. சென்ற மாதம் ஹரோவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், 1991ஆம் ஆண்டு ஊர்ச் சங்கக் கலைவிழா நாடாவைக் கொடுத்துவிட்டு, கதவுவரை போனவர் திரும்பி வந்தார். "தம்பி, முன்னுக்கு ஒரு எழுத்து ஓடும். வீடியோ எடுத்த பெடியன்ரை பேர். அவன் இப்ப இல்லை. அதை வெட்டிப்போடாதேங்கோ."

அன்று மாலை அந்த நாடாவை ஓடவிட்டேன். நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள் வந்தன. நாடா தேய்ந்திருந்ததால் பெயரின் முற்பாதி கோடுகளாகச் சிதறியிருந்தது. ஹெட்டைத் துடைத்து, டிராக்கிங்கைத் திருத்தி, நான்காவது முறை ஓட்டியபோது முதலெழுத்தும் தெரிந்தது.