மறுசோதனை மேசை

கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதல் 2 ஆண்டுகள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டேன். அப்புறம் மறுசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். களத்திலிருந்து வரும் நேர்காணல்களில் பத்தில் ஒன்றை எடுத்து, அந்த வீட்டுக்குப் போன் போட வேண்டும். எங்கள் ஆள் வந்தாரா, எவ்வளவு நேரம் பேசினார், உங்கள் வயது என்ன, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, ஃபார்மில் உள்ளதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாத வேலை. கணிப்பு பலித்தாலும் பொய்த்தாலும் டிவியில் பேசப்படுவது கடைசி எண் மட்டும்தான். அந்த எண்ணுக்குள் எத்தனை உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது இந்த மேசையில்தான் தெரியும்.

ஒரு தேர்தலுக்கு 3 வாரம் இருக்கும்போது, களத்தில் நல்ல பெயர் வாங்கியிருந்த ஒரு பெண்ணின் ஃபார்ம்கள் என்னிடம் வந்தன. ஒரே பிற்பகலில் 11 நேர்காணல். எங்கள் கேள்விகளைக் கேட்டு முடிக்க 25 நிமிடம் ஆகும். பேச்சுக்கு மட்டுமே நாலரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நடை, பூட்டிய வீடு, "அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பும் வீடு எல்லாம் தனி. முதல் எண்ணுக்குப் போன் போட்டேன். வயதான அம்மா ஒருவர் எடுத்தார்.

"யாரும் வரலையே தம்பி. நான் இன்னைக்கு முழுக்க வீட்டுலதான் இருக்கேன்."

இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரர், ஒரு பெண் வந்து பெயரையும் போன் நம்பரையும் மட்டும் எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னார். 11-இல் 4 மட்டும் தேறியது.

மறுநாள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை.

"சார், பன்னிரண்டு கதவு தட்டினா மூணு திறக்குது. அதுலயும் ஒருத்தர் பாதியில எழுந்து போயிடுறார். முடிச்ச ஃபார்முக்குத்தான் காசு. முடியாததுக்கு நான் நடந்த நடையை யார் கணக்குல எழுதுறது?"

அவரை வேலையிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தேன். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பேசாத வாயில் பதிலைத் திணிப்பது, அந்த வீட்டுக்காரரின் குரலைத் திருடுவது. ஆனால் அதே குறிப்பில், ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதை நிறுத்தி நாள் கூலியாக மாற்றவேண்டும் என்றும் எழுதினேன். முதல் பரிந்துரை அன்று மாலையே நிறைவேறியது. இரண்டாவதற்குப் பதில் வரவில்லை.

போலி ஃபார்ம்களை நிறையப் பார்த்த பிறகு அவற்றுக்கென்று ஒரு முகச்சாயல் இருப்பது புரிந்தது. அவற்றில் யாரும் "தெரியாது" என்று சொல்வதில்லை. உண்மையான மனிதர்கள் அடிக்கடி சொல்வார்கள். விலைவாசி மோசம் என்று புலம்பிவிட்டு, ஆட்சி நன்றாக இருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் பதில் தருவார்கள். "இதர" என்ற கட்டத்தில் நாம் எதிர்பார்க்கவே முடியாத ஒன்றைச் சொல்வார்கள். கற்பனையில் பிறந்த வாக்காளர் அப்படியெல்லாம் முரண்படுவதில்லை. நடுத்தரமான பதில்களாகத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்.

இன்னொன்றும் கண்டேன், அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. அந்தப் பெண் இட்டுக்கட்டிய 7 ஃபார்ம்களும் உண்மையான 4 ஃபார்ம்களும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்லின. அவர் அந்தத் தெருக்களில் நடந்தவர், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்குத் தெரியும். அந்த ஊகத்தைத்தான் நிரப்பியிருந்தார். எதிர்பார்த்ததைச் சொல்கிற போலி எங்கேயும் இடறாமல் தாண்டிப் போய்விடும். எல்லோரும் நினைப்பது தவறாக இருக்கும் தேர்தலில்தான் அது நம்மைக் கவிழ்க்கும். கணிப்பின் தேவையே அந்தத் தேர்தலில்தான் இருக்கிறது.

2008-இல் அமெரிக்காவில் 'ஏக்கார்ன்' என்ற அமைப்பைப் பற்றிய செய்திகளைப் படித்தபோது இந்த ஃபார்ம்கள்தான் கண்முன் வந்தன. ஏழை மக்களிடையே வேலை செய்த அந்த அமைப்பு, ஆட்களைக் கூலிக்கு வைத்து வாக்காளர் பதிவு விண்ணப்பங்களைச் சேகரித்தது. சுமார் 13 லட்சம் பேரைப் பதிவு செய்ததாகச் சொன்னது. அதில் உண்மையிலேயே புதிய வாக்காளர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர்தான் என்று பின்னர் தெரிந்தது. மீதியில் முகவரி மாற்றங்கள் நிறைய. ஒரே ஆளின் இரட்டை விண்ணப்பங்கள், அரைகுறையானவை, போலிகள் என்று தள்ளுபடியானவையும் லட்சக்கணக்கில் இருந்தன. நெவாடா மாநிலத்தில் வந்த விண்ணப்பங்களில் டல்லாஸ் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணி வீரர்களின் பெயர்கள்கூட இருந்தன. அந்த அக்டோபரில் நடந்த அதிபர் வேட்பாளர் விவாதத்தில், ஜனநாயகத்தின் இழையையே இந்த அமைப்பு அறுக்கக்கூடும் என்ற பொருளில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் பேசினார்.

அதற்கு முந்தைய ஆண்டே வாஷிங்டன் மாநிலத்தில் அந்த அமைப்பின் ஊழியர்கள் 7 பேர் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். 1,700-க்கும் மேற்பட்ட போலிப் பதிவுகள். கள்ள ஓட்டுப் போடும் திட்டம் எதுவும் இருந்ததாக அரசு வழக்கறிஞர்களே சொல்லவில்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்கப் பெயர்களைக் கற்பனை செய்து எழுதினார்கள் என்றுதான் சொன்னார்கள். நெவாடாவில் ஒரு ஷிஃப்டில் 21 விண்ணப்பங்களோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் 5 டாலர் கூடுதல் என்று ஒரு ஊக்கத்தொகை இருந்தது. எண்ணிக்கையை வைத்துக் கூலி கொடுப்பது அந்த மாநிலச் சட்டப்படி குற்றம். அந்த வழக்கில் அமைப்பு 2011-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அது கலைந்தே போயிருந்தது.

21 என்ற அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு எங்கள் அலுவலகத்தின் 11 ஞாபகம் வந்தது. எண்ணிக்கைக்குக் காசு என்று சொன்னால் எண்ணிக்கை வரும். மனிதர்கள் வருவார்களா என்பதை யாராவது போன் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

பட்டியலில் ஒரு போலிப் பெயர் ஏறுவதும், அந்தப் பெயரில் ஒருவர் வந்து வாக்களிப்பதும் வேறு வேறு. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்தேவிட்டது என்று ஒரு தரப்பு பேசியது. இரண்டாவது நடக்கவில்லை, எனவே முதலாவது சின்ன விஷயம் என்று மறு தரப்பு பேசியது. மறுசோதனை மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இரண்டு பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. போலி விண்ணப்பம் ஓட்டாக மாறாவிட்டாலும், அதைப் பிரித்தெடுக்கத் தேர்தல் அலுவலக ஊழியர்களின் நேரம் போகிறது. உண்மையான விண்ணப்பம் தந்தவரும் சந்தேகத்துக்கு ஆளாகிறார். அந்தச் சந்தேகம் பிறகு தனியாக நடக்க ஆரம்பித்துவிடுகிறது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு கணிப்பு நிறுவனம், ஒபாமா முறையாக வென்றாரா அல்லது ஏக்கார்ன் அவருக்காகத் தேர்தலைத் திருடியதா என்று கேட்டது. குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 52 சதவீதம் பேர் திருடியது என்றார்கள். ஒபாமா வென்றது ஏறக்குறைய 95 லட்சம் வாக்கு வித்தியாசத்தில்.

பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பும்போதும் இதே கவனம் வேண்டும். ஒருமுறை எங்களுக்கு இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கும் வேலை வந்தது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று முதலில் முடிவெடுத்தோம். வந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப்போனோம். போன் போட்டுப் பார்த்தால், ஒரே பெயரும் ஒரே பிறந்த நாளும் கொண்ட இரண்டு தனி மனிதர்கள் பல இடங்களில் இருந்தார்கள். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே இருவருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். லட்சக்கணக்கான பெயர்கள் இருக்கும் பட்டியலில், அதுவும் பரவலான பெயர்களில், கேட்கவே வேண்டாம். 2000-இல் ஃபுளோரிடாவில் வாக்குரிமை இழந்த குற்றவாளிகள் என்று தயாரித்த பட்டியலில், பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனதற்காகவே எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அந்த மாநிலத்தின் முடிவு 537 வாக்கில் தீர்மானமானது.

சரி, கணிப்புக்கு வருகிறேன். 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 சதவீதம் என்று செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் போடுவார்கள். மாதிரியைக் குலுக்கல் முறையில் எடுத்ததால் மட்டும் வரக்கூடிய பிழை அது. கதவைத் திறக்காதவர்கள், பாதியில் எழுந்து போனவர்கள், என் மேசையைத் தாண்டிப்போன போலிகள் யாரும் அந்த 3-க்குள் இல்லை. அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளை ஆயிரக்கணக்கில் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், உண்மையான பிழை சொல்லப்பட்டதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு என்று கண்டார்கள். அங்கே பியூ ஆய்வு மையம் போனில் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 1997-இல் 36 சதவீதம். 2018-இல் 6 சதவீதம். பதில் சொல்லாத 94 பேர் பேசிய 6 பேரைப் போலவே நினைக்கிறார்கள் என்று நம்பித்தான் மேற்கொண்டு கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

மாதிரி பெரிதாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை 1936-இலேயே ஒரு அமெரிக்க வாரப் பத்திரிகை பொய்யாக்கிக் காட்டியது. சுமார் 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லேண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48-இல் 46 மாநிலங்களை வென்றார். அன்று டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்த பெயர்கள் அதிகம். திருப்பி அனுப்ப அக்கறை கொண்டவர்களின் பதில்கள் மட்டும் வந்தன. பட்டியல் கோணலாக இருந்தால் எண்ணிக்கையால் அதை நிமிர்த்த முடியாது.

இப்போதைய நோய் வேறு. ஒருமுறை எங்கள் எண் மற்ற நிறுவனங்களின் எண்ணிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. மேலிடத்திலிருந்து, "இன்னொரு தடவை பாருங்கள்" என்று சொன்னார்கள். பார்த்தோம், ஃபார்ம்கள் சுத்தமாக இருந்தன. பிறகு எடைகளை, அதாவது எந்தப் பிரிவினரின் பதிலுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கணக்கை, மாற்றினார்கள், எண் கூட்டத்தோடு போய் நின்றது. கூட்டத்தோடு இருந்திருந்தால் யாராவது இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருப்பார்களா என்று அன்று கேட்டேன். 2015-இல் பிரிட்டன் தேர்தலுக்கு முந்தைய நாள் ஒரு நிறுவனம் எடுத்த கணிப்பு, கன்சர்வேடிவ் கட்சி 6 புள்ளிகள் முன்னிலை என்று காட்டியது. மற்றவர்கள் எல்லாம் கடும் போட்டி என்றார்கள். பயந்துபோய் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார்கள். முடிவு கிட்டத்தட்ட அப்படியே வந்தது. அந்த நிறுவனத்தின் தலைவர் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இப்போது யாராவது ஒரு கணிப்பை நம்பலாமா என்று என்னிடம் கேட்டால், எத்தனை பேரிடம் பேசினார்கள் என்று நான் முதலில் பார்ப்பதில்லை. ஊழியருக்கு எப்படிக் கூலி கொடுத்தார்கள், எத்தனை வீடுகளுக்குத் திரும்பப் போன் போட்டார்கள், எத்தனை ஃபார்ம்களைக் கிழித்தார்கள் என்று கேட்பேன். ஒன்றுகூடக் கிழிக்கவில்லை என்று பெருமையாகச் சொல்லும் நிறுவனத்தை நான் நம்பமாட்டேன்.

எனக்கு மறக்காத ஒரு வீடு உண்டு. களப்பணி செய்த காலத்தில், வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்த மாதிரிப் பெயர்களோடு போவோம். பட்டியலில் உள்ள ஆளிடம் மட்டும்தான் பேசவேண்டும், வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கேட்கக்கூடாது. ஒரு கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னேன். திறந்த அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சுப்பா" என்றார். பிறகு, அவர் பெயர் இன்னும் அந்தத் தாளில் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். அச்சில் இருந்த பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அமெரிக்கப் பட்டியல்களில் இறந்தவர்கள் 18 லட்சம் பேர் இருப்பதாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தபோது, அதை மோசடிக்குச் சான்றாகப் பலர் எடுத்துப் பேசினார்கள். எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது.

பெயரை நீக்க யாரிடம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஃபார்மில் 'இறந்தவர்' என்ற குறியீட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

3 ஆண்டு கழித்து, நான் மறுசோதனை மேசையில் இருந்தபோது, அதே பகுதியின் புதிய மாதிரி வந்தது. அந்தப் பெயர் அப்படியே இருந்தது. களத்துக்கு அனுப்புமுன் அதன் பக்கத்தில், "இவரைக் கேட்டு இந்தக் கதவைத் தட்டவேண்டாம்" என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.