யூனியனுக்கு காஸ்ட்: கேள்வி வந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

சி மொழித் தேர்வுக்கு யூனியன் (ஒரே நினைவக இடத்தைப் பல மெம்பர்கள் பகிர்ந்துகொள்ளும் டைப்) படிக்கும்போது சைஸ் என்ன, அவுட்புட் என்ன என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மதிப்பை யூனியன் டைப்புக்கே காஸ்ட் செய்து, அதாவது அந்த டைப்புக்கு மாற்றச் சொல்லி, 'இது கம்பைல் ஆகுமா?' என்று கேட்டால் திணறல்தான். நான் இந்தப் பகுதியைப் படித்த முறை உங்களுக்கும் உதவலாம்.

ஐஎஸ்ஓ சி தரத்தின்படி காஸ்ட் செய்யும் டைப் வாய்டாகவோ ஸ்கேலராகவோ, அதாவது எண் அல்லது பாயின்டர் (நினைவக முகவரி) வகையாகவோ, இருக்க வேண்டும். யூனியன் இதில் சேராது. ஆனால் ஜிசிசி கம்பைலர் இதைத் தன் கூடுதல் வசதியாக அனுமதிக்கிறது. அதனால் விடையில் தரம் சொல்வதையும் ஜிசிசி செய்வதையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

ஜிசிசியின் விதி சின்னது: காஸ்ட் செய்யப்படும் எக்ஸ்பிரஷனின் டைப், யூனியனின் ஏதாவது ஒரு மெம்பரின் டைப்பாக இருக்க வேண்டும். மதிப்பு அந்த மெம்பரில் அடங்குமா என்பது கணக்கில் வராது. கேர் (எழுத்து), டபுள் (தசம எண்) என்று இரண்டே மெம்பர்கள் உள்ள யூனியனுக்கு 5 என்ற எண்ணை காஸ்ட் செய்தால் எரர். 5 இன்ட் (முழு எண்) ஆயிற்றே! ஒற்றை மேற்கோளில் உள்ள எழுத்தைக் கொடுத்தாலும் அதே எரர்தான், ஏனென்றால் சி மொழியில் அதுவும் இன்ட், கேர் அல்ல. ஷார்ட் (சிறிய முழு எண்) வேரியபிளை அப்படியே கொடுத்தால் ஷார்ட். அதோடு 1 கூட்டிவிட்டால் இன்ட். இந்த இடங்களில்தான் கேள்வி அமைப்பவர்கள் கை வைப்பார்கள். நான் யூனியனைப் பார்ப்பதற்கு முன்பே எக்ஸ்பிரஷனின் மேல் அதன் டைப்பைப் பென்சிலால் எழுதிவிடுவேன். அப்புறம் மெம்பர் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடுவதுதான் மிச்சம்.

பாயின்டர் காஸ்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்ட் வேரியபிளின் முகவரியை யூனியன் பாயின்டராக காஸ்ட் செய்தால் மெம்பர் டைப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. கம்பைலர் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். இன்ட் 4 பைட், டபுள் 8 பைட் என்றால், அந்தப் பாயின்டர் வழியாக டபுள் மெம்பரைப் படிக்கும்போது வேரியபிளுக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொடுகிறோம். அது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது என்ன நடக்கும் என்று தரம் எந்த உறுதியும் தருவதில்லை. என் கணிப்பில் கூடுதல் கவனம் வேண்டியது இங்கேதான், ஏனென்றால் எரர் வந்து நம்மைக் காப்பாற்றாது.

சொந்த புரோகிராமில் காஸ்டுக்குப் பதிலாக சி99 தரத்தில் வந்த காம்பவுண்ட் லிட்டரலையே (அடைப்புக்குள் டைப்பும் அதையடுத்து நெளிவு அடைப்புக்குள் மதிப்பும் எழுதும் முறை) பயன்படுத்துங்கள். எந்த மெம்பர் என்று பெயர் சொல்லியே எழுதலாம். டபுள் மெம்பருக்கு 5 கொடுத்தால் அது முறையாக 5.0 ஆக மாறும். அதன் முகவரியையும் எடுக்க முடியும். யூனியன் காஸ்டின் விளைவுக்கு முகவரி எடுக்க முடியாது.

பயிற்சிக்கு ஒவ்வொரு உதாரணத்தையும் ஜிசிசியில் இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒரு முறை சாதாரணமாக, இன்னொரு முறை, தரத்தை மீறுவதை எரராகக் காட்டும் பெடான்டிக் எரர்ஸ் (-pedantic-errors) ஆப்ஷனோடு.