இரண்டு டாலருக்கு நடுவே

"மாமா, இது டாலரா, ரூபாயா?"

காலையில் தங்கை மகளின் போன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். "விண்ணப்பக் கட்டணம் $75, தேர்வுக் கட்டணம் $35" என்று மார்க்டவுனில் (சாதாரணக் குறிகளாலேயே உரையை வடிவமைக்கும் முறை) எழுதி அனுப்பியிருந்தேன்.

அவள் திரையில் தெரிந்தது இது:

விண்ணப்பக் கட்டணம் 75,தேர்வுக்கட்டணம்35

இரண்டு டாலர் குறியும் காணோம். நடுவிலிருந்ததைக் கணிதச் சூத்திரம் என்று எடுத்துக்கொண்டு, சொல் இடைவெளியையும் விழுங்கிவிட்டது அந்தச் செயலி.

சூத்திரத்தை டாலர் குறிகளுக்குள் எழுதும் வழக்கம் கணினி அறிஞர் டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிலிருந்து வந்தது. கணிதத்தை அச்சுக் கோக்க அப்போது செலவு அதிகம். அதனால்தான் பணக்குறியை எடுத்தாராம்! அருமையான மனிதர்.

கோப்புகளை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் (Pandoc) மென்பொருளில் இதற்கு ஒரு காவல் உண்டு. மூடும் டாலருக்குப் பின்னால் ஒட்டி எண் வந்தால் சூத்திரமாக எடுக்காது. எல்லாச் செயலிகளும் இதைச் செய்யலாமே. கட்டணம் கட்டப்போகிற பிள்ளை ஏன் குழம்ப வேண்டும்?

டாலருக்கு முன் பேக்ஸ்லாஷ் (\) போட்டு மறுபடி அனுப்பினேன்.

"இப்ப சரியா இருக்கு மாமா."