ஊருக்குத்தான் உபதேசம்

பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனை யோக்கியர் என்று நம்பி அங்கே யாரும் ஏமாந்துவிடவில்லை. இளம் நிருபராக இருந்தபோது ஒரு மேற்கோளை இட்டுக்கட்டியதற்காக டைம்ஸ் பத்திரிகை அவரை வேலையைவிட்டு அனுப்பியது, 2004-ல் தன் கள்ள உறவு பற்றிப் பொய் சொன்னதற்காகச் சொந்தக் கட்சித் தலைவரே பொறுப்பைப் பறித்தார், எல்லாம் ஊரறிந்த கதை. தெரிந்தேதான் 2019-ல் 80 இடப் பெரும்பான்மை கொடுத்தார்கள்.

அதே ஜனம் இரண்டு வருஷத்தில் ஒயின் பாட்டிலுக்காகக் கொதித்தது. ஒயினுக்காகவா? கொரோனா ஊரடங்கு நேரம், 2020 மே 20 மாலை டிவியில் ஒரு அமைச்சர், வேறு வீட்டு ஆள் ஒருவரை மட்டும், அதுவும் வெளியிடத்தில், 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கலாம் என்று நாட்டுக்கே பாடம் எடுக்கிறார். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பிரதமர் வீட்டுத் தோட்டத்தில் விருந்து. அவரவர் சரக்கை அவரவரே கொண்டுவாருங்கள் என்று 100 பேருக்கு மேல் ஏற்கெனவே மின்னஞ்சல் போயிருந்தது. மறு வருஷம் ஏப்ரலில் கணவரின் இறுதிச் சடங்கில் ராணி முகக்கவசத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அதற்கு முந்தின ராத்திரியும் பிரதமர் அலுவலகத்தில் கூத்துதான். அப்பா சாவதை ஐபேடில் பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியாதா?

2017-ல் ஜில்லியன் ஜோர்டன் உள்ளிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வகை எரிச்சலைச் சோதித்துப் பார்த்தார்கள். திருட்டுத்தனமாகப் பாட்டு டவுன்லோட் செய்துகொண்டே "நான் அதெல்லாம் செய்வதில்லை" என்று நேரடியாகப் புளுகுபவனைவிட, "அது பெரிய தப்பு" என்று அடுத்தவரைத் திட்டுபவன்மேல்தான் ஜனங்களுக்கு அதிகக் கடுப்பு. காரணம், திட்டும்போதே நல்லவன் என்ற பெயரைச் செலவில்லாமல் வாங்கிக்கொள்கிறான். "தப்புதான், நானும் சில சமயம் செய்கிறேன்" என்று ஒப்புக்கொண்டவனை அவ்வளவாகக் கோபிக்கவில்லை.

எனக்கு இந்த விளக்கம் பாதிதான் திருப்தி. பெயரை வாங்கிக்கொண்டது ஒருபக்கம். விதியை மதித்தவர்களை இளித்தவாயர்கள் ஆக்கியது இன்னொரு பக்கம், அதுதான் கூடுதலாகச் சுட்டது என்று நினைக்கிறேன். அப்புறம், இந்தக் கணக்கில் லாபம் வெட்கம் கெட்டவனுக்குத்தான். எதையுமே உபதேசிக்காமல் இருந்துவிட்டால் அவனைப் பிடிக்க வழியில்லை. "மனுஷன் ஒளிவுமறைவு இல்லாதவர்" என்று பாராட்டு வேறு.

அப்படியானால் ஜான்சனும் ஆரம்பத்திலேயே "ஆமாம், குடித்தோம்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாமா? வழியே இல்லை. வீட்டிலேயே இருங்கள் என்று டிவியில் வந்து சொன்னவரே அவர்தான், ஆட்சியும் அவருடையது. எல்லா விதியையும் கடைப்பிடித்தோம் என்று நாடாளுமன்றத்தில் சாதித்தார். போலீஸ் கடைசியில் போட்ட 126 அபராதங்களில் ஒன்று அவருக்கு.